போய்ட்டு வா என்கிற சங்கீதம்

தமிழ் வீட்டில் வாசலைத் தாண்டும்போது யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. "போய்ட்டு வரேன்" என்பார்கள். உள்ளேயிருந்து "போய்ட்டு வா" என்று ஒரு குரல் வரும். வாய் தவறி "போறேன்" என்று சொன்ன பிள்ளையை நிறுத்தி, திருத்திச் சொல்ல வைத்த பிறகே அனுப்புகிற பாட்டிகள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்தார்கள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் கூடவே வந்திருக்கிறது.

வேதாகமத்தின் 121ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் இதே பேச்சுத்தான். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." எபிரெயத்திலும் இரண்டு சொற்கள்தான்: வெளியே போவது, உள்ளே வருவது. ஒருவருடைய வேலை, பயணம், வீடு திரும்புவது எல்லாம் அந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். தமிழில் இரண்டையும் ஒட்டினால் 'போக்குவரத்து' ஆகிவிடும் என்பதால், இந்த வசனத்தை லாரிக் கண்ணாடியில் ஒட்டுகிறவர்களிடம் எனக்குச் சண்டை கிடையாது. ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும்போதுதான் சண்டை.

சங்கீதத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். முதல் இரண்டு வசனங்களில் 'என் கண்களை', 'எனக்கு ஒத்தாசை'. மூன்றாம் வசனத்தில் ஆள் மாறுகிறது: "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்." அங்கிருந்து முடிவுவரை பேச்சு முழுவதும் 'உன்' பக்கம்தான். புறப்படுகிறவர் தன் பங்கைச் சொல்லி முடித்துவிட்டார். இப்போது வாசலில் நிற்கிறவர் பேசுகிறார். 120 முதல் 134 வரை உள்ள 15 சங்கீதங்களுக்கு 'ஆரோகண சங்கீதம்' என்று தலைப்பு உண்டு. பண்டிகைக்காக எருசலேமுக்கு மலையேறிப் போனவர்களின் பாட்டுகள் என்றே அவற்றைப் பெரும்பாலும் கொள்கிறார்கள். வழியில் கள்ளர் பயம், கால் வழுக்கும் கல், தலைக்கு மேல் வெயில். அப்படிப்பட்ட பயணத்துக்கு ஆளை அனுப்பும்போது சொன்ன வார்த்தை இது. 20ஆம் சங்கீதமும் அப்படித்தான்: போருக்குப் போகிற ராஜாவைப் பார்த்து ஜனங்கள் "ஆபத்து நாளிலே கர்த்தர் உமது ஜெபத்தைக் கேட்பாராக" என்கிறார்கள். காவல் சங்கீதங்களில் பலவற்றுக்கு இரண்டு வாய் வேண்டும். தனியாளாக மனதுக்குள் முணுமுணுக்கலாம், தப்பில்லை. ஆனால் எழுதப்பட்ட விதம் அதுவல்ல.

121இல் 'காக்கிற' என்பதற்கான எபிரெய வினை ஆறு தடவை வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு அந்த ஆறையும் விடாமல் பிடித்திருக்கிறது: காக்கிறவர் மூன்று, காப்பார் மூன்று. விரல்விட்டு எண்ணலாம். மொழிபெயர்த்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

அதே மொழிபெயர்ப்பு முதல் வசனத்தில் கொஞ்சம் சறுக்கியிருக்கிறது. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று வாசித்தால், ஒத்தாசை மலையிலிருந்து வருவதுபோல் கேட்கும். மூலத்தில் அது கேள்வி. கத்தோலிக்கர் வாசிக்கிற திருப்பாடல்களில் "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" என்று சரியாக இருக்கிறது. மலையைப் பார்க்கிறான், பயமா ஆசையா என்று தெரியவில்லை, கேட்கிறான். இரண்டாம் வசனம் பதில். மலைமேல் இருந்த வேறு தெய்வங்களின் மேடைகளை நினைத்துக் கேட்டான் என்று சிலர் விளக்குவார்கள். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நீலமாகத் தெரிகிற ஊரில், தோட்ட எல்லைதோறும் முனியாண்டி காவலுக்கு நிற்கிற ஊரில், 'காவல் யாருடையது' என்ற கேள்விக்கு விளக்கவுரை தேவையில்லை. வீட்டுக்கூட்டத்தில் முதல் வசனத்தைக் கேள்விக் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள், சங்கீதம் நிமிர்ந்து உட்காரும்.

நிழல் விஷயத்துக்கு வருவோம். "கர்த்தர் உன் வலதுபக்கத்திலே உனக்கு நிழலாயிருக்கிறார்" என்பதை ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்து வாசித்தால் அழகான உவமை, அவ்வளவுதான். ரப்பர் மரம் ஆண்டின் முதல் மாதங்களில் இலை கொட்டும். மழை குறைந்து வெயில் சுடுகிற சமயம் பார்த்துத்தான் கொட்டும். நிழல் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் காட்டில் நிழல் இராது. பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் போவதற்குக் காரணம் குளிரில் பால் நன்றாக ஓடும் என்பது. வெயில் ஏறுமுன் மரத்தை முடித்துவிடலாம் என்பதும் உண்டு. எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனையிலும் அப்படித்தான்: மறுநடவு செய்து ஏறக்குறைய மூன்று ஆண்டில் குலை வெட்டத் தொடங்குவார்கள், அந்த வயதுக் கன்றின் கீழ் ஒதுங்க முடியாது. மரத்து நிழல் இருக்கிற இடத்தில்தான் இருக்கும், நாம்தான் அதைத் தேடிப் போகவேண்டும். 'வலதுபக்கத்து நிழல்' கூடவே நடக்கிறது. வலதுபக்கம் ஏன் என்றால், சண்டைக்குப் போகிறவன் கேடகத்தை இடக்கையில் பிடிப்பான், வலதுபுறம் திறந்து கிடக்கும். துணைக்கு நிற்கிறவன் அந்தப் பக்கம் நிற்கவேண்டும். 16ஆம் சங்கீதமும் 109ஆம் சங்கீதமும் 'வலதுபாரிசம்' என்று சொல்வதைச் சேர்த்துப் பாருங்கள். 121இன் அடுத்த வசனத்தில் நிலவு ஏன் சேதப்படுத்தும் என்று இளையவர்கள் கேட்பார்கள். நிலவொளி பட்டால் புத்தி பேதலிக்கும் என்று அந்தக் காலத்தில் பல நாட்டாரும் நம்பினார்கள். மத்தேயு 4:24இல் நம் வேதாகமம் 'சந்திரரோகிகள்' என்று எழுதுவதும் அந்த நம்பிக்கையின் மிச்சம்தான்.

இனி 91. தோட்டப் பட்டணத்தில் கிறிஸ்தவர் வீடு எது என்று வாசல் நிலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மெதடிஸ்டோ லுத்தரனோ பெந்தெகொஸ்தேயோ, "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்" அங்கே தொங்கும். இந்தச் சங்கீதத்தை அரணாக மாட்டுவது புதுப் பழக்கமில்லை. சவக்கடல் ஓரத்துக் கும்ரானின் 11ஆம் குகையில் கிடைத்த ஒரு சுருளில், பேயோட்டும் பாட்டுகளோடு சேர்த்து இதை எழுதி வைத்திருக்கிறார்கள். யூதர்கள் படுக்கைக்குப் போகும்போது சொல்கிறார்கள். கத்தோலிக்கரின் ஞாயிறு இரவு மன்றாட்டில் இது உண்டு. பழைய லத்தீன் எண்ணிக்கையில் இது 90 என்பதால், பழைய ஜெபப்புத்தகத்தில் தேடுகிறவர்கள் ஓர் எண் முன்னால் பார்க்கவேண்டும்.

பதினாறு வசனம். நிதானமாக வாசித்தால் இரண்டு, இரண்டரை நிமிடம். எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் ஒப்பிப்பதுதான் வழக்கம். இந்தச் சங்கீதம் கெடுவதும் அங்கேதான். இதில் மூன்று குரல் இருக்கிறது. முதல் இரண்டு வசனங்கள் ஒருவருடைய அறிக்கை. அந்த இரண்டு வசனத்துக்குள்ளேயே கடவுளுக்கு நான்கு பெயர்: உன்னதமானவர், சர்வவல்லவர், கர்த்தர், என் தேவன். தூரத்துப் பெயரில் தொடங்கி 'என்' வரை கிட்டே வந்துவிடுகிறது. மூன்றாம் வசனம் முதல் பதின்மூன்று வரை ஒருவர் இன்னொருவரைப் பார்த்து 'உன்னை' என்று பேசுகிறார். 14 முதல் 16 வரை பேசுவது கடவுள். அவர் 'உன்னை' என்று பேசவில்லை, 'அவனை விடுவிப்பேன்' என்கிறார். நம்மைப் பற்றி யாரிடமோ சொல்கிறார், நாம் பக்கத்து அறையிலிருந்து கேட்கிறோம். தகப்பன் நம் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பாராட்டமாட்டார், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது காதில் விழும். அந்த மாதிரி.

ஆகவே ஜெபக்கூட்டத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அவர் (படுத்திருக்கிற நோயாளியாகவும் இருக்கலாம்) முதல் இரண்டு வசனத்தை மட்டும் சொல்லட்டும். முடியாவிட்டால் இரண்டாம் வசனம் போதும். மூன்று முதல் பதின்மூன்று வரை கூடியிருப்பவர்கள் ஆளுக்கொரு வசனமாக, அவர் முகத்தைப் பார்த்து வாசிக்கட்டும். கடைசி மூன்றை ஒரே குரலில் ஒருவர். அதற்கு முன் பத்து எண்ணுகிற அளவு மௌனம் விடுங்கள்.

ஒன்பதாம் வசனம் யார் பங்கில் வருகிறதோ அவரை முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள். "எனக்கு அடைக்கலமாயிருக்கிற உன்னதமான கர்த்தரை உனக்குத் தாபரமாகக் கொண்டாய்." எபிரெயத்தில் சிக்கலான வரி, மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறும். நம் தமிழில் 'எனக்கு', 'உனக்கு' இரண்டும் ஒரே வரியில் நிற்கின்றன. சொல்கிறவர் தான் ஒதுங்கின இடத்தைத்தான் மற்றவருக்குக் காட்டுகிறார். தாபரம் என்றால் தங்குமிடம்.

பழைய சொற்களையும் வாசிக்குமுன் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. நாலாம் வசனத்துப் 'பரிசையும் கேடகமுமாகும்' என்பதைப் பரிசு என்று புரிந்துகொண்டு, சத்தியம் பரிசாகக் கிடைக்கும் என்று பிரசங்கம் செய்துவிடுகிறார்கள். பரிசை என்றால் கேடகத்தில் ஒரு வகை. மூலத்தில் முதல் சொல் உடலை மறைக்கிற பெரிய கேடகம். இரண்டாம் சொல் வேதாகமத்தில் வேறெங்குமே வரவில்லை. சுற்றி வளைத்து நிற்பது என்கிற வேரிலிருந்து பொருள் கொள்கிறார்கள். செட்டை என்றால் இறக்கை. வாதை என்றால் நோய், உபத்திரவம். ஆறாம் வசனத்தில் மத்தியானத்துச் 'சங்காரம்' வருகிறதே, அதைக் கிரேக்க மொழிபெயர்ப்பு 'நண்பகல் பேய்' என்றே எழுதிவிட்டது. உச்சி வேளையில் மரத்தடிக்குப் போகாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைக்கு இது உடனே புரியும். எகிப்தின் பாலைவனத் துறவிகள் அந்தப் பேய்க்கு வேறு அர்த்தம் வைத்தார்கள்: நடுப்பகலில் ஜெபிக்கவும் பிடிக்காமல், வேலையும் ஓடாமல், பொழுதும் நகராமல் வருகிற அந்தச் சலிப்பு. வேலையில்லாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிற எந்த இளைஞனிடமும் கேட்டுப் பாருங்கள், அவனுக்கும் அந்தப் பேயைத் தெரியும்.

நாலாம் வசனத்துச் சிறகு உவமைக்குக் கோழியைப் பார்த்தால் போதும். பருந்து வட்டமிட்டால் தாய்க்கோழி ஓடிப்போய்க் குஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்காது. ஒரு தனிச் சத்தம் கொடுத்து இறக்கையை விரிக்கும், குஞ்சுதான் ஓடி வரவேண்டும். வசனமும் இரண்டையும் சொல்கிறது: 'மூடுவார்' என்பது அவர் வேலை, 'அடைக்கலம் புகுவாய்' என்பது நம் வேலை.

இப்போது கஷ்டமான வசனம். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." 1942இலும் 1943இலும் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1943இல் காலரா முகாம் முகாமாகப் பரவியது. விழுந்தவர்களில் விசுவாசிகளும் இருந்தார்கள். பேராக்கின் பழைய தோட்டக் குடும்பங்களில் 'சயாமுக்குப் போனார், திரும்பவில்லை' என்கிற தாத்தா ஒருவர் இருப்பது அபூர்வமில்லை. அந்தப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் ஏழாம் வசனத்தை வெற்றி முழக்கமாக வாசிக்கக்கூடாது. செத்தவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். விபத்து நடந்த வீட்டிலும் ஏழாம் வசனத்தையும் பத்தாம் வசனத்தையும் தனியே எடுத்து வாசிக்காதீர்கள். வாசிப்பதானால் பதினைந்தாம் வசனம் வரை போகவேண்டும்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்து வராது என்றால் அந்த வரிக்கே இடமில்லை.

சங்கீதப் புத்தகத்துக்குள்ளேயே இந்தச் சண்டை நடக்கிறது. 121 "உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்கிறது. 44ஆம் சங்கீதம் அவரையே பார்த்து, "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று கத்துகிறது. உடன்படிக்கையை மீறினதால் வந்த அடி என்றால் வாயை மூடிக்கொள்ளலாம். தாங்கள் மீறவில்லை என்று அந்தச் சங்கீதத்துக்காரர் சாதிக்கிறார். பவுல் ரோமர் 8இல் இந்தச் சங்கீதத்தின் "அடிக்கப்படும் ஆடுகள்" வரியைத்தான் எடுத்து வைக்கிறார். 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரிக்குத் திரும்பும். இது திரும்பாது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். சாவு வீட்டில் முதல் நாள் 91ஐத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட 88ஐ வாசித்துவிட்டு, மேலே ஒரு வார்த்தையும் சேர்க்காமல் உட்கார்ந்திருப்பது மேல். உட்கார்ந்திருக்க நமக்குத்தான் வராது. யாராவது ஒருவர் உடனே பாட்டு எடுத்துவிடுவார்.

91ஐத் தவறாக வாசித்தவர்களில் முதல் ஆள் சாத்தான். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, கீழே குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று 11, 12 வசனங்களைத்தான் காட்டுகிறான். மத்தேயு சொல்கிறபடி, நடுவில் இருக்கிற "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொல்லை விட்டுவிடுகிறான். பதில் உபாகமத்திலிருந்து வருகிறது: கர்த்தரைப் பரீட்சை பாராதே. நம் ஊரில் உப்பரிகை வேறு மாதிரி இருக்கும். உயரமான செம்பனையில் குலை வெட்டுகிற கழி அலுமினியமாக இருந்தால், பக்கத்து மின்கம்பியில் பட்ட நொடியில் ஆள் முடிந்தார். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், தலையில் விழுந்தால் ஜெபிக்க நேரமிருக்காது. தலைக்கவசத்தைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டு, கர்த்தர் காப்பார் என்கிறவர் 91ஐ வாசிக்கிற விதம் யாருடைய விதம் என்று நான் சொல்லத் தேவையில்லை. மருந்தை நிறுத்திவிட்டு வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறவர்களும் அந்த உப்பரிகையில்தான் நிற்கிறார்கள்.

எதிரிகளுக்கு எதிராக மன்றாடுகிற சத்துரு சங்கீதங்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. செய்வினை பயம் வந்த வீட்டில் 35ஐயும் 109ஐயும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை நினைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அந்தச் சங்கீதங்கள் கோபத்தைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கழுவுவதற்கு. வாசித்து முடித்த பிறகும் பக்கத்து வீட்டு வேலியைப் பார்க்கும்போது பல் நறநறத்தால், ஒப்படைக்கவில்லை என்று அர்த்தம்.

மற்றபடி எங்கே எது என்பதில் பெரிய சூத்திரம் கிடையாது. புது வீட்டுக்கு 127. இரவு படுக்குமுன் 4ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனம், காலையில் 3ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனம், அது "படுத்து நித்திரைசெய்தேன், விழித்துக்கொண்டேன்" என்று முடிந்த காரியமாகப் பேசும். மலாய் வேதாகமத்தைக் கையில் வைத்திருக்கிற பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு குழப்பம் வரும். அவற்றில் சிலவற்றில் சங்கீதத்தின் தலைப்பையும் ஒரு வசனமாக எண்ணியிருப்பார்கள், 3:5 அங்கே 3:6 ஆகிவிடும். 91க்கும் 121க்கும் அந்தத் தொல்லை இல்லை.

127ஐப் பற்றி ஜாகா (காவற்காரர்) வேலை பார்க்கிறவர்கள் கேட்பார்கள்: "கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா" என்றால் எங்கள் வேலை வீணா? விருதா என்றால் வீண்தான், ஆனால் வசனம் ஜாகாவை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. 'காவாராகில்', 'காவலாளர்' இரண்டும் எபிரெயத்திலும் ஒரே வேர்ச்சொல்தான். 121இல் ஆறு தடவை வந்த அதே சொல். கடவுளுக்கு அங்கே கொடுத்திருப்பது ஜாகாவின் பட்டம். 130இல் விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரும் அதே வேர்தான். விடிய விடியக் கண் விழித்தவருக்கு அந்தச் சங்கீதத்தை விளக்க வேண்டியிருக்காது.

பெரும்பாலோர் விட்டுவிடுவது திரும்பி வருகிறவருக்கான வாசிப்பைத்தான். இரவு ஷிப்டுக்கு, ஆபரேஷனுக்கு, ஜொகூருக்கு வேலைக்குப் போகிறவரை 121 சொல்லி அனுப்புகிறோம். வந்த பிறகு, சாப்பிட்டாயா என்பதோடு சரி. 'உன் போக்கு' என்பதை வாசித்தவர்கள் 'உன் வரத்து' வந்ததைக் குறித்து ஒன்றும் சொல்வதில்லை. அதற்கு 124 இருக்கிறது. அதுவும் ஆரோகண சங்கீதம், அதுவும் எட்டு வசனம், ஒரு நிமிடத்துக் காரியம். வந்தவர் குளித்து, தேத்தண்ணி குடித்து முடிக்கட்டும். இங்கே குரல்களைப் பிரிக்கவேண்டாம், ஏனென்றால் 'என்'னும் 'உன்'னும் இதில் கிடையாது: "வேடருடைய கண்ணிக்குத் தப்பின குருவியைப்போல நம்முடைய ஆத்துமா தப்பிற்று, கண்ணி தெறித்தது, நாம் தப்பினோம்." கடைசி வசனத்தில், அனுப்பும்போது அவர் தனியாகச் சொன்ன "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தர்" திரும்ப வருவார். அந்த வரியை வீட்டிலிருக்கிற எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள், வேதாகமம் பிடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளும்.